முதல் கேமிங் கணினி: எந்தப் பாகத்திலிருந்து தொடங்குவது?

சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடைகளில் “கேமிங் பிசி அசெம்பிள் பண்ணணும்” என்று சொன்னதும் வரும் முதல் கேள்வி, “பட்ஜெட் எவ்வளவு?” அடுத்தது, “ஐ5 போடலாமா, ஐ7 போடலாமா?” முதல் கேள்வி நியாயமானது. இரண்டாவது கேள்விக்கு இன்னும் நேரம் வரவில்லை. எந்த மானிட்டர், என்ன விளையாட்டு என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் மற்ற பாகங்களில் பாதிக்கு மேல் தாமாகவே அமைந்துவிடும்.

காரணம் எளிய கணக்கு. 1920க்கு 1080 என்ற அளவுள்ள முழு எச்டி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. விளையாட்டு விநாடிக்கு 60 படங்களாக ஓட வேண்டுமானால், ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடிக்க 16.7 மில்லிவிநாடிதான் அவகாசம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு அது 7 மில்லிவிநாடிக்கும் கீழே போய்விடும். 4கே திரையில் புள்ளிகள் சுமார் 83 லட்சம், அதாவது நான்கு மடங்கு.

இந்த வேலையை இரண்டு சில்லுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. எதிரி எந்தப் பக்கம் ஓடுவான், குண்டு எங்கே பட்டது, கார் எப்படிப் புரளும் என்பதையெல்லாம் கணக்கிட்டு, ‘இந்தப் படத்தில் இவையெல்லாம் இருக்க வேண்டும்’ என்ற பட்டியலைத் தயாரிப்பது பிராசஸர். அந்தப் பட்டியலை வாங்கி ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளி, நிழல், நிறம் கணக்கிடுவது கிராபிக்ஸ் கார்டு. ஒரு புள்ளியின் கணக்கு பெரும்பாலும் அடுத்த புள்ளிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் கிராபிக்ஸ் சில்லில் சிறு சிறு கோர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டில் 3072. பிராசஸரிலோ ஆறு, எட்டு என்று சில வலுவான கோர்கள் மட்டுமே.

இந்த இருவரில் யார் தாமதிக்கிறாரோ அவர் வேகம்தான் விளையாட்டின் வேகம். திரையின் புள்ளிகளைக் கூட்டினால் சுமை ஏறக்குறைய முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழும். விநாடிக்கான படங்களைக் கூட்டினால் பிராசஸரும் அத்தனை முறை பட்டியல் போட்டாக வேண்டும். முழு எச்டி திரையில் வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆகியவற்றை 240 ஹெர்ட்ஸில் ஆட நினைப்பவருக்கு நல்ல பிராசஸர் அவசியம். 4கே திரையில் சைபர்பங்க் 2077 ஆட நினைப்பவர் அதே பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போட வேண்டும். ஒருவருக்குப் பொருந்தும் கணினி மற்றவருக்குப் பொருந்தாது.

முதல் முறை கட்டுபவருக்கு முழு எச்டி, 144 ஹெர்ட்ஸ் என்பதே நல்ல இலக்கு. அதற்கு மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கலாம். பாதியை நெருங்கினாலும் தவறில்லை. பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகையாக ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. காட்சிகளின் மேற்பரப்புப் படங்கள் தங்குவது இந்த நினைவகத்தில்தான். அது நிரம்பிவிட்டால் கார்டு, மதர்போர்டைக் கடந்து ரேமிலிருந்து தரவை இழுக்க வேண்டும். படம் திக்கித் திணறும். பணம் இடம் கொடுத்தால் 16 ஜிபியே வாங்குங்கள்.

பழைய கார்டு வாங்குவதில் ஓர் எச்சரிக்கை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணய அமைப்பு தன் முறையை மாற்றி, கிராபிக்ஸ் கார்டால் நாணயம் தோண்டுவதை நிறுத்தியபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் பெருமளவில் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அப்படிப்பட்டதில் சில்லு நன்றாகவே இருக்கலாம்; விசிறியும், வெப்பம் கடத்தும் பட்டைகளும் தேய்ந்திருக்கும். ஒரு கனமான விளையாட்டை அரைமணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பிராசஸரில் ஆறு கோர்கள் போதும். ரைசன் 5 7600 அந்த வகை. குளிர்விப்பானும் பெட்டியிலேயே வருகிறது. இங்கே சில்லைவிட அது அமரும் சாக்கெட்டைக் கவனிக்க வேண்டும். 2017இல் முதல் ரைசன் வந்த ஏஎம்4 சாக்கெட்டிலேயே 2022இன் 5800எக்ஸ்3டி-யும் பொருந்தியது. பயாஸ் என்ற தொடக்க மென்பொருளை மட்டும் புதுப்பித்து, அதே மதர்போர்டில் ஐந்தாண்டு புதிய சில்லைப் போட்டுக்கொண்டவர்கள் நிறைய. இன்டெல்லோ 2021இன் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் மூன்று தலைமுறைகளை வெளியிட்டுவிட்டு 2024இல் சாக்கெட்டையே மாற்றிவிட்டது. ரைசன் 5 7600 அமரும் ஏஎம்5 சாக்கெட்டை 2027க்கு அப்பாலும் தொடர்வதாக, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி அறிவித்திருப்பதால், என் தேர்வு அந்தப் பக்கம். இன்டெல்தான் வேண்டும் என்பவர்கள் மாடல் எண் ‘எஃப்’ என்று முடிகிறதா என்று பாருங்கள்; முடிந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை.

மதர்போர்டுக்கு பி650 வகை தாராளம். எஸ்எஸ்டி 1 டிபி, என்விஎம்இ வகை. ரேம் மொத்தத்தை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். டிடிஆர்5-6000 ரேம் ஒரு குச்சியாக இருந்தால் விநாடிக்கு 48 ஜிபி கடத்தும். இரண்டு சேர்ந்தால் 96. நான்கு இடங்கள் உள்ள போர்டுகளில் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருக வேண்டும்.

இனி, எல்லாவற்றுக்கும் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ். வாங்குபவர்கள் அதிகம் சிக்கனம் பிடிப்பதும், பிடிக்கவே கூடாததும் இதில்தான். கேபினட்டோடு சேர்ந்து மலிவாக வரும் பெட்டியில் ‘600 வாட்’ என்று ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது 12 வோல்ட் மின்சாரம். லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு நேரே உள்ள ஆம்பியர் எண்ணைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 45 ஆம்பியர் என்றால் 540 வாட். 25 என்றால் 300 வாட்தான், மேலே என்ன எழுதியிருந்தாலும்.

தேவை எவ்வளவு? ரைசன் 5 7600 முழு வேகத்தில் சுமார் 88 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115. மற்றவை எல்லாம் சேர்த்தாலும் 300ஐத் தாண்டாது. கார்டுகள் கண நேரத்துக்கு அளவு மீறி இழுப்பதால் 550 வாட்டில் நம்பகமான ஒன்று வேண்டும். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போய்ச் சேர்கிறது என்பதற்கான சான்று மட்டுமே. மின்னழுத்த ஏற்றத்தையும் குறுக்குச் சுற்றையும் தாங்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. அதற்கு ஐந்து, ஏழு, பத்து ஆண்டு வாரன்டி தரும் மாடல்களைத் தேடுங்கள். மோசமான எஸ்எம்பிஎஸ் தான் சாகும்போது கார்டையும் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடும். மின்வெட்டு உள்ள ஊர்களில், வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கணினியும் மானிட்டரும் சேர்ந்தால் அது விளிம்பில்தான் நிற்கும்.

கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இருந்தால் காட்சிக்கு அழகு. அறையே 35 டிகிரியில் இருக்கும் நம் மே மாதத்துக்கு வலை முகப்புதான் வேண்டும். முன்னால் இரண்டு விசிறி காற்றை இழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்றினால் போதும். வலையில் தூசி படியும். மாதம் ஒருமுறை தட்டிவிடுங்கள்.

எல்லாம் பூட்டி முடித்து முதன்முதலில் ஸ்விட்ச் போடும்போது ஏஎம்5 கணினி சில நிமிடங்கள் இருண்ட திரையோடு இருக்கலாம். டிடிஆர்5 ரேமோடு தன்னைப் பொருத்திப் பார்க்கும் நேரம் அது, பதறி அணைத்துவிடாதீர்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் அமைப்பில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் 60லேயே ஓடிக்கொண்டிருக்கும். பயாஸில் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கும்வரை, 6000 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் பொதுவாக 4800 வேகத்தில்தான் வேலை செய்யும்.