ஊரில் நம் பேர் என்ன?

1985இல் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய ‘அல்டிமா 4’ கேமில், மந்திர மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்வாள், எவ்வளவு காசு வைக்கிறோம் என்பது நம் மனசாட்சி. குறைத்து வைத்தாலும் மூலிகை கைக்கு வந்துவிடும், திரையில் ஒரு சலனமும் இருக்காது. உள்ளே மட்டும் நேர்மைக் கணக்கு இறங்கியிருக்கும். இப்படி எட்டு நற்குணங்களுக்கும் தனித்தனிக் கணக்கு ஓடியது. நம் நிலை தெரிய வேண்டுமென்றால் அரண்மனைக்குப் போய் ஹாக்விண்ட் என்ற ஞானியைக் கேட்க வேண்டும். அவரும் எண்ணைச் சொல்ல மாட்டார். தேறுவோமா, வழி தவறிவிட்டோமா என்பதை மட்டும் சொல்வார்.

பிறகு வந்த பல கேம்களில் அப்படிச் சொல்லக்கூட ஆள் இல்லை. ஊர்க்காரர் ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று ஆடுகிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்று நிலைமை வேறு. 2016இல் வந்த ‘ஸ்டார்டியூ வேலி’யில் ஊரார் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே இதயங்கள் வரிசையாக நிற்கின்றன. ஓர் இதயம் நிறைய 250 புள்ளி. பேசினால் ஏறும், பிடித்த பரிசு கொடுத்தால் இன்னும் ஏறும். குப்பைத்தொட்டியைக் கிளறும்போது பக்கத்தில் யாராவது பார்த்துவிட்டால் அந்த இடத்திலேயே முகம் சுளிப்பார்கள், 25 புள்ளி போய்விடும். ஊருக்கு வெளியே கூடாரம் போட்டு வாழும் லைனஸ் மட்டும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவருக்கு நம்மேல் பிரியம் கூடும். அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பதைப் பல பக்க வசனத்தைவிட இந்தச் சின்னக் கணக்கு நன்றாகச் சொல்லிவிடுகிறது.

கணக்கு வெளியே தெரிவது நல்லது என்றே நினைக்கிறேன். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாதவர் எப்படித் திருந்துவார்? ஆனால் இதயத்தை நிரப்புவதே குறியானால், லைனஸுக்குப் பிடித்த தேங்காயைக் கொடுப்பதும் அன்பாக இருக்காது, வாராந்தர வேலையாகிவிடும்.

இதற்கு நான் கண்டதில் நல்ல வழி 2010இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ காட்டியது. ஒவ்வொரு ஊரிலும் நல்ல பேரும் கெட்ட பேரும் தனித்தனியே சேரும்; ஓர் உதவி செய்து பழைய கொலையை அழித்துவிட முடியாது. திரையில் எண் வராது. அந்த ஊர் நம்மை எப்படிப்பட்டவராக நினைக்கிறது என்பது ஒரு பட்டப்பெயராக வரும். கேம் செய்கிறவர்கள் இதையே பின்பற்றலாம்: ஊரின் எண்ணத்தைக் காட்டுங்கள், கூட்டல் கழித்தலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.