உஷார்! டிரை ஐஸ் வைத்துக் குழாயை உறையவைக்கப் போகிறீர்களா?

குழிக்குள் இறங்காதீர்கள்!

மற்றதையெல்லாம் அப்புறம் நிதானமாகப் படிக்கலாம். முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டிரை ஐஸ் வைத்திருக்கும் குழிக்குள், சம்ப்புக்குள், தாழ்வான மோட்டார் ரூமுக்குள் தலையைக் கொண்டுபோகாதீர்கள். விளக்கு எரிந்தாலும் சரி, புகை அடங்கியிருந்தாலும் சரி, "ரெண்டே நிமிஷ வேலை"யாக இருந்தாலும் சரி.

"நம்ம தேனி, கம்பம் பக்கம் இதையெல்லாம் யாரு செய்யப்போறா?" என்று கேட்பீர்கள். கல்யாண மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேகத்துக்குள் நடந்து வருகிற மாதிரி வெள்ளைப் புகை விடுகிறார்களே, அதுதான் டிரை ஐஸ். தெர்மோகோல் பெட்டியில் வந்து இறங்குகிறது. மிச்சமானால் மண்டபத்து மூலையிலேயே கிடக்கிறது. இன்னொரு பக்கம், வெளிநாட்டு பிளம்பர் ஒருவர் குழாயைச் சுற்றி டிரை ஐஸ் கட்டி, உள்ளே இருக்கும் தண்ணீரையே அடைப்பாக உறையவைத்து, டேங்க்கைக் காலி செய்யாமல் வால்வு மாற்றுகிற வீடியோ எல்லோர் போனிலும் ஓடுகிறது. பெட்டியும் வீடியோவும் ஒரே ஆளின் கைக்கு வந்துவிட்டால்? வந்துவிட்டதே!

உத்தமபாளையம் பக்கம் ஒரு மண்டபம். மண்டபத்தின் பெயரும் வேண்டாம், ஆளின் பெயரும் வேண்டாம். பிழைத்துக்கொண்டார், அவர் பிழைப்பும் ஓட வேண்டும். நல்ல கோடை. சாயங்காலம் ரிசப்ஷன், விடிந்தால் முகூர்த்தம். சமையல்கட்டுக்குப் போகிற பழைய ஜி.ஐ. பைப்பில் கசிவு. மேலே டேங்க் தளும்பத் தளும்பத் தண்ணீர். கேட் வால்வைத் திருகினால் கைப்பிடி மட்டும் சுற்றுகிறது. உள்ளே துருவேறி உட்கார்ந்துவிட்டது. டேங்க்கைத் திறந்துவிட்டால் ராத்திரியில் தண்ணீர் லாரிக்கு எங்கே போவது? பிளம்பருக்கு வீடியோ ஞாபகம் வந்தது. மேடையோரம் பெட்டியில் டிரை ஐஸும் இருந்தது.

வால்வு இருந்தது மாடிப்படிக்கு அடியில், நெஞ்சளவு ஆழக் குழியில். மனுஷர் விவரம் தெரியாதவர் இல்லை. தூர் வாரக் கிணற்றில் இறங்குகிறவர்கள் செய்கிற மாதிரி, மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்திருக்கிறார். நன்றாகவே எரிந்தது. அப்புறம்தான் இறங்கினார். உடைத்த டிரை ஐஸைச் சாக்கில் கொட்டி, பைப்பைச் சுற்றிக் கட்டி, தோளில் கிடந்த ஈரத் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். பைப்பில் வெள்ளையாக உறைபனி பூத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும்.

மேலே நின்ற பையன் கேட்டிருக்கிறான்: "என்னண்ணே, இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?"

"வேக்காடுடா. ஃபேனைத் திருப்பி வை."

திருப்பி வைத்தான். காற்று குழிக்கு மேலேயே வீசிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் கையிலிருந்த ஸ்பானர் நழுவியது. எடுக்கக் குனிந்தார். நிமிரவில்லை.

அந்தப் பையன் உள்ளே குதிக்கவில்லை. அவன் குலசாமிதான் அவனைத் தடுத்திருக்க வேண்டும். குப்புறப் படுத்துக் கையை நீட்டிச் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு கத்தினான். சமையல் மாஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்து இழுத்துப் போட்டார்கள். வெளிக்காற்றில் கண் விழித்தார். உள்ளங்கை இரண்டும் வெந்த மாதிரி கொப்பளித்துப் போயிருந்தன. ஈரத் துண்டு கையோடு ஒட்டிக்கொண்டு உறைந்திருந்தது. இந்தக் களேபரத்தில், ஜி.ஐ. பைப்போடு எப்போதோ ஒட்டுப்போட்டிருந்த சி.பி.வி.சி. எல்போ பட்டென்று விரிசல் விட்டது. எந்தத் தண்ணீரைக் காப்பாற்ற இத்தனை பாடும் பட்டார்களோ, அது மொத்தமும் குழிக்குள் கொட்டியது. மயங்கியவரை இழுத்திருக்காவிட்டால்? நினைக்கவே எனக்கு வயிறு கலங்குகிறது.

இது ஐஸ் இல்லை. இதை முதலில் நம்புங்கள்!

டிரை ஐஸ் என்பது கட்டியாக்கிய கார்பன் டை ஆக்ஸைடு வாயு. அதன் குளிர் மைனஸ் 78.5 டிகிரி. உருகித் தண்ணீராகாது, நேரே வாயுவாகிவிடும். ஒரு கிலோ கட்டியிலிருந்து 500 லிட்டருக்கு மேல் வாயு கிளம்பும். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். அதனால் மேலே போகாமல் தண்ணீர் தேங்குகிற மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். நிறம் கிடையாது, வாடையும் கிடையாது. நாம் பார்க்கிற வெள்ளைப் புகை, காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து தெரிகிற மூட்டம். மூட்டம் கலைந்துவிடும். வாயு அங்கேயேதான் கிடக்கும்.

கணக்கைப் பாருங்கள். நாலடிக்கு நாலடி, ஐந்தடி ஆழம் உள்ள குழியில் சுமார் 2,260 லிட்டர் காற்றுதான் பிடிக்கும். அதில் இந்த வாயு 4 சதவீதம் ஆனாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்பது தொழிற்சாலைப் பாதுகாப்பில் வைத்திருக்கும் எல்லை. அந்த அளவுக்கு 200 கிராம் டிரை ஐஸ் கரைந்தால் போதும். ஒரு கைப்பிடி! ஆனால் குழாய்க்குள் ஒரு லிட்டர் தண்ணீரை உறையவைக்க, நம் ஊர் வெயிலில் காய்ந்த டேங்க்குத் தண்ணீருக்கு, குறைந்தது முக்கால் கிலோவாவது தேவைப்படும். வெளியே வீணாகிறது தனி. குளிர்நாட்டு வீடியோவில் காட்டுகிற தண்ணீர் ஏற்கெனவே சில்லென்று இருக்கும். நம் டேங்க்கில் சித்திரை மாதம் குழாயைத் திறந்தால் வெந்நீரல்லவா வருகிறது?

மெழுகுவர்த்தி ஏன் அணையவில்லை? அது அணைய வேண்டுமானால் காற்றில் இந்த வாயு 10 சதவீதத்தையும் தாண்ட வேண்டும். மனிதனுக்கு அதற்கு முன்பே தலை சுற்றிவிடும். 10 சதவீதத்தில் சில நிமிஷங்களில் நினைவே தப்பிவிடும். இன்னொன்று, அவர் விளக்கை இறக்கியது டிரை ஐஸைக் கொண்டுபோவதற்கு முன்னால். அப்போது குழி சுத்தமாகத்தான் இருந்தது. ஆபத்தைக் கையோடு இறக்கியது அவரேதான். விளக்கு அணைந்தால் இறங்காதே என்று பெரியவர்கள் சொன்னது சரி. எரிந்தால் இறங்கலாம் என்று அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நான் சும்மா பயமுறுத்தவில்லை. 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் பிறந்தநாள் விருந்து ஒன்றில், புகை வருவதற்காக நீச்சல்குளத்தில் 25 கிலோ அளவுக்கு டிரை ஐஸைக் கொட்டினார்கள். மூன்று பேர் இறந்தார்கள். 2018 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஐஸ்கிரீம் கொண்டுபோகிற டிரை ஐஸ் பெட்டிகள் இருந்த காரில் ஏறிய இரண்டு பெண்களில் ஒருவர் இறந்துபோனார். 2024 மார்ச்சில் குருகிராமில் சாப்பிட்டு முடித்தவர்களுக்கு வாய் மணக்க என்று டிரை ஐஸைக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து பேர் ரத்த வாந்தி எடுத்தார்கள். அடுத்த மாதமே 'ஸ்மோக் பிஸ்கட்' விவகாரத்தில் நம் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விட்டதே, அது திரவ நைட்ரஜன், இதைவிடக் குளிர். பொருள் வேறு, அலட்சியம் ஒன்றுதான்.

அந்தக் கார் விஷயத்தை இங்கே ஓட்டிப் பாருங்கள். மதுரையிலிருந்து டிரை ஐஸ் பெட்டியைப் பின்சீட்டில் வைத்து, கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டுக்கொண்டு ஆண்டிப்பட்டி கணவாய் ஏறுகிறீர்கள். கொட்டாவியும் தலைவலியும் வந்தால் தூக்கம் என்று நினைப்பீர்கள். கண்ணாடியை இறக்குங்கள்! முடிந்தால் திறந்த வண்டியில் மட்டும் கொண்டுவாருங்கள். குழந்தைகளை அந்த வண்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

சரி, வாயு போகட்டும், குழாய் என்னவாகும்? தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பருக்கும். ஒரு பக்கம் பனி அடைப்பு, மறுபக்கம் மூடிய வால்வு, நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் என்றால் பைப் வெடிக்கும். பிளாஸ்டிக் பைப் அந்தக் குளிரில் அப்பளமாக நொறுங்கும். பி.வி.சி., சி.பி.வி.சி. இருக்கிற இடத்தின் பக்கத்தில்கூட இது ஆகாது. பழைய வார்ப்பிரும்புக் குழாயும் அப்படித்தான். தண்ணீர் துளி ஓடிக்கொண்டிருந்தாலும் உறையாது. மேலே பனி பூத்து ஏமாற்றும், உள்ளே ஓட்டம் இருக்கும். உறைந்ததாகவே வைத்துக்கொள்வோம். யூனியனைக் கழற்றிய பிறகு அடைப்பு இளகினால், மேலே நிற்கிற டேங்க்குத் தண்ணீர் அந்தப் பனிக்கட்டியை வெளியே தள்ளிக்கொண்டு வரும். எதிரே இருப்பது உங்கள் முகம்.

ஐஸ் ஃபாக்டரி, குளிர்பதனக் கிடங்குக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அமோனியா லைனில் இந்த வித்தையை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அமோனியா உறைவது மைனஸ் 77.7 டிகிரியில். டிரை ஐஸின் குளிர் அதற்கு ஒரு டிகிரிகூடக் கீழே இல்லை. அடைப்பு நிற்காது. 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலுக்கடியில் போகிற அமோனியா குழாய் கசிந்து, நடுராத்திரியில் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடியதைப் பார்த்தோமே! கேஸ் லைன், டீசல் லைன், உப்புக்கரைசல் ஓடுகிற பிரைன் லைன், எதுவுமே இதற்கு ஆனதில்லை.

உடம்பு சொல்லும், கேளுங்கள். காரணமில்லாமல் மூச்சு வேகமாக வாங்குகிறதா? வெளியே வாருங்கள். நெற்றிப்பொட்டில் வலி, காதில் இரைச்சல், நெஞ்சு படபடப்பு, திடீர் வியர்வை? வெளியே! சோடா குடித்து மூக்கில் ஏறின மாதிரி சுருக்கென்கிறதா? அப்போதே வாயு அளவு மிஞ்சிவிட்டது. பேச்சு குழறுகிறது, பிடித்த பொருள் நழுவுகிறது, பக்கத்து ஆள் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்றால், அவரிடம் வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள். இழுங்கள். "வேக்காடு" என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் எல்லா மயக்கத்துக்கும் வெயில்மேல் பழியைப் போடுவதே நமக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாவதுதான் கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. மேலிருந்தே கயிறு, கொக்கி, கை எது எட்டுமோ அதில் இழுங்கள். தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும், 101, 108, உடனே அடியுங்கள். கண் விழித்துவிட்டார், டீ குடித்தார் என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி கம்பத்திலிருந்து தேனியையும் தாண்டி இருக்கிறது. அவ்வளவு தூரம் போவதற்கு முன் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் காட்டி ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லுங்கள். குளிரில் வெந்த கையைத் தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். பேஸ்ட், பேனா மை, இட்லி மாவு எதுவும் வேண்டாம், தாயி. டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

அப்படியானால் கசிகிற பைப்புக்கு என்னதான் வழி? பழைய வழிதான். டேங்க்கின் வாயில் மரக்கட்டையில் சைக்கிள் டியூப் சுற்றி, மேலிருந்தே அடைத்துவிட்டுக் கீழே வேலை பார்க்கலாம். முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். இல்லையா, டேங்க்கைக் காலி செய்யுங்கள். லாரித் தண்ணீர் செலவுக்குக் கணக்குப் பார்க்கிற நேரமா இது? பெரிய ஆஸ்பத்திரியிலோ மில்லிலோ ஏ.சி. சில்லர் லைனை உறையவைத்தே தீர வேண்டும் என்றால், அதற்கென்று உறை, காற்றில் வாயுவை அளக்கும் மீட்டர், வெளிக்காற்றை உள்ளே தள்ளும் ஊதுகுழாய், கனமான குளிர்க் கையுறை, மேலே ஒரு காவலாள் எல்லாம் வைத்திருக்கும் குழுவைக் கூப்பிடுங்கள். மீட்டர் இல்லாமல் வருகிற குழுவை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

மிச்சமான கட்டியை என்ன செய்வது? பாட்டிலிலோ மூடி இறுகிய டப்பாவிலோ போட்டால் வெடிக்கும். சிங்க்கிலும் கக்கூஸிலும் கொட்டினால் பீங்கானே பிளக்கும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, படுக்கிற அறையிலும் வைக்கக் கூடாது. பெட்டியின் மூடியைத் திறந்து மொட்டை மாடியில் வைத்துவிடுங்கள். தானாகவே காற்றோடு போய்விடும். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை உங்கள் இடுப்பிலேயே செருகிக்கொள்ளுங்கள். பந்து எடுக்க வருகிற பிள்ளைகள் அந்த வெள்ளைக் கட்டியை ஐஸ் என்றுதான் நினைத்து வாயில் வைக்கும்.