இதழியல் மாணவருக்கு ஏன் ஒரு சொந்த இதழ்?

இதழியலை வகுப்பறையில் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. செய்தித்தாள் அலுவலகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, மூத்த நிருபர்களிடம் திட்டு வாங்கிப் படிப்படியாகத் தேறுவதே இத்தொழிலுக்குரிய வழி என்று பல பத்திரிகை ஆசிரியர்கள் நம்பிய காலத்தில், ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழின் உரிமையாளரான ஜோசப் புலிட்சர், மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் கல்லூரி இருப்பதுபோல இதழியலுக்கும் வேண்டும் என்று 1904இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதி வாதாடினார். அவர் அளித்த கொடையைக் கொண்டு கொலம்பியா பல்கலைக்கழகம் அமைத்த இதழியல் பள்ளி, அவர் மறைந்த அடுத்த ஆண்டான 1912இல் திறக்கப்பட்டது. சட்டமும் வரலாறும் பொருளியலும் வகுப்பில்தான் முறையாகப் படியும் என்பதில் புலிட்சர் பக்கமே நியாயம் இருந்தது. ஆயினும் வகுப்பில் எழுதப்படும் செய்திக்கு வாசகர் கிடையாது. மதிப்பெண் இடும் ஒருவர் மட்டுமே அதைப் படிக்கிறார் என்பதால், ஒரு பெயர் தவறினால் மதிப்பெண் குறையுமே தவிர எவருடைய மானத்துக்கும் பங்கம் வருவதில்லை. படிக்கும்போதே சொந்தமாக எதையாவது எழுதி வெளியிட மாணவர்கள் முற்படுவதற்கு ஆர்வம், பெயர் எடுக்கும் ஆசை, வேலை கேட்கப் போகும்போது காட்டுவதற்குச் சில கட்டுரைகள் கையில் வேண்டும் என்ற கணக்கு ஆகியவை காரணமாகச் சொல்லப்பட்டாலும், அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது இந்த வாசகர் இன்மையே.

இக்குறையைக் கல்லூரியே தீர்த்துவைக்க முயன்றதற்கு அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம் சிறந்த சான்றாகும். 1908 செப்டம்பர் 14 அன்று அங்கே இதழியல் பள்ளி தொடங்கிய முதல் நாளிலேயே, மாணவர்கள் தயாரித்த செய்தித்தாளின் முதல் இதழும் வெளிவந்தது. பள்ளியின் முதல் தலைவரான வால்டர் வில்லியம்ஸ் கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாத பத்திரிகை ஆசிரியர் என்பதால், செய்து கற்பது என்ற எண்ணம் அவருக்கு இயல்பாகவே வந்திருக்க வேண்டும். அந்தத் தாள் கல்லூரி விழாக்களை மட்டும் எழுதும் வளாக இதழாக அமையாமல், அப்பல்கலைக்கழகம் அமைந்துள்ள கொலம்பியா என்னும் நகரத்தின் செய்திகளை அந்நகர மக்களுக்கே சொல்லும் பொது நாளிதழாக அமைந்தது. மாணவர் எழுதிய செய்தியை நகராட்சி உறுப்பினரும் கடைக்காரரும் மறுநாள் படித்துப் பிழை சுட்டக்கூடிய இந்த ஏற்பாடு பின்னாளில் ‘மிசௌரி முறை’ என்றே பெயர் பெற்றது.

ஆனால் கல்வி நிலையம் நடத்தும் இதழில் இறுதிச் சொல் யாருடையது என்ற சிக்கல் தீர்வதில்லை. அதே மிசௌரி மாநிலத்தில், ஹேசல்வுட் ஈஸ்ட் என்ற உயர்நிலைப் பள்ளியின் இதழியல் வகுப்பு மாணவர்கள் 1983இல் தயாரித்த இதழில், மாணவியரின் கருத்தரிப்பு பற்றியும் பெற்றோரின் மணமுறிவு பற்றியும் இருந்த கட்டுரைகளைக் கண்ட தலைமையாசிரியர், அவை இடம்பெற்றிருந்த இரண்டு பக்கங்களை அப்படியே நீக்கிவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பாடத்திட்டத்தின் பகுதியாக நடத்தப்படும் இதழ், எவரும் தம் கருத்தை உரிமையுடன் சொல்லத்தக்க பொதுமேடை ஆகாது என்றும், கல்விநோக்கில் நியாயமான காரணம் இருந்தால் பள்ளி அதைக் கட்டுப்படுத்தலாம் என்றும் 1988இல் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். கட்டுரையில் பெயர் மாற்றப்பட்டிருந்தும் அம்மாணவியர் யாரென்று ஊரார் கண்டுகொள்ளக்கூடும் என்று தலைமையாசிரியர் அஞ்சியது பொருளற்ற அச்சம் அன்று. ஆனாலும், தம் வயதினரை நேரடியாகத் தொடும் விஷயத்தை எழுத விரும்பும் மாணவருக்குத் தமக்கென ஓர் இடம் தேவைப்படுவது ஏன் என்பதை இவ்வழக்கு தெளிவாகவே காட்டுகிறது.

சென்னை இக்காரணத்தை அவ்வழக்குக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக டி. முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் தாக்கி எழுதியபோது, அதற்கு மறுப்புச் சொல்ல இந்தியர் கையில் ஒரு தாள் இல்லையே என்ற ஆற்றாமையில், திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் 1878 செப்டம்பர் 20 அன்று ‘தி இந்து’ வார இதழைத் தொடங்கினர். அவர்களுள் ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் பாடம் கற்பிக்கும் ஆசிரியர்கள், மற்ற நால்வரும் சட்ட மாணவர்கள். கடன் வாங்கிய 1 ரூபாய் 12 அணாவில் 80 படிகள் அச்சிடப்பட்டன. சட்ட மாணவர்கள் விரைவிலேயே வழக்கறிஞர் தொழிலுக்குச் சென்றுவிட, எஞ்சிய இருவரே இதழைச் சுமந்தனர். மாணவர் முயற்சிகளில் பெரும்பாலானவை இப்படி நடுவழியில் கைமாறுவதோ நின்றுபோவதோ வழக்கம் என்றாலும், அதைத் தோல்விக் கணக்கில் சேர்ப்பது சரியாகாது.

அவ்வாறு நின்றுபோன ஒன்றை 1922இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஐ. எஃப். ஸ்டோன் என்ற 14 வயதுச் சிறுவர் நடத்தினார். ‘தி புராக்ரஸ்’ என்ற அந்த மாத இதழ் மூன்றே இதழ்களோடு முடிந்தது. பிறகு கல்லூரிப் படிப்பையும் பாதியில் விட்டுவிட்டுப் பல நாளிதழ்களில் பணியாற்றிய அவர், கடைசியாக எழுதிவந்த நாளிதழ் 1952இல் மூடப்பட்டு, கம்யூனிச எதிர்ப்பு வேட்டை உச்சத்தில் இருந்த அச்சூழலில் இடதுசாரியான தம்மை எவரும் வேலைக்கு எடுக்கத் துணியாதபோது, 1953 ஜனவரியில் நான்கு பக்க வார இதழ் ஒன்றைத் தம் பெயரிலேயே தொடங்கினார். ஆண்டுச் சந்தா 5 டாலர். தொடக்கத்தில் சந்தாதாரர் சுமார் 5,300 பேர். எழுதுவதும் மெய்ப்புத் திருத்துவதும் அவர் வேலை, சந்தாக் கணக்கு மனைவி எஸ்தரின் வேலை. 1971இல் இதழ் நிறுத்தப்பட்டபோது அது ஏறத்தாழ 70,000 படிகள் விற்றுக்கொண்டிருந்தது.

ஸ்டோனுக்குக் காது மந்தம் என்பதால் செய்தியாளர் சந்திப்புகளால் அவருக்கு அதிகப் பயன் இல்லை. பெரிய மனிதர்களின் நெருக்கமும் இல்லை. எனவே அரசு அச்சிட்ட ஆவணங்களையும், நாளிதழ்களின் உள்பக்கத் துண்டுச் செய்திகளையும் வரிவரியாகப் படித்து, ஒன்றோடொன்று ஒத்துப் பார்ப்பதையே அவர் தம் முறையாக்கிக்கொண்டார். அமெரிக்கா 1957 செப்டம்பரில் நெவாடா பாலைவனத்தில் நிலத்தடி அணுகுண்டுச் சோதனை ஒன்றை நடத்தியது. அதன் அதிர்வு 200 மைலுக்கு அப்பால் உணரப்படவில்லை என்று அணுசக்தி ஆணையம் பின்னர் அறிவித்தது; தொலைவிலிருந்து கண்டறிய முடியாத சோதனையைத் தடைசெய்து பயனில்லை என்ற வாதத்துக்கு அது துணையாக இருந்தது. டொரொன்டோ, ரோம், டோக்கியோ ஆகிய நகரங்களில் அந்த அதிர்வு பதிவானதாகச் சோதனை நடந்த சமயத்திலேயே வெளியான துண்டுச் செய்திகளை ஸ்டோன் எடுத்து வைத்திருந்தார். நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் அரசுத்துறையிடமே நேரில் கேட்டபோது, 2,000 மைலுக்கும் அப்பாலுள்ள அலாஸ்காவில்கூட அதிர்வு பதிவாகியிருந்தது தெரியவந்தது. ஆணையம் தன் அறிவிப்பைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது.

மாணவர்களுக்கு இதில் கிடைப்பது வீரக்கதையைக் காட்டிலும் பயனுள்ள ஒன்று. அடையாள அட்டையோ அமைச்சரின் கைப்பேசி எண்ணோ இல்லாதவரும் செய்தி எடுக்க முடியும். இந்தியாவில் அதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, மத்திய அரசு அலுவலகமாயின் 10 ரூபாய்க் கட்டணத்தில் குடிமக்கள் எவரும் விண்ணப்பிக்கலாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அரசாணைகள், வரவுசெலவு அறிக்கைகள், அரசுக் கணக்குகளைச் சரிபார்க்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் ஆகியவை விண்ணப்பம் இல்லாமலே கிடைக்கின்றன. தம் விடுதிக்கோ தெருவின் கழிவுநீர்க் கால்வாய்க்கோ ஒதுக்கப்பட்ட தொகையும் செலவான தொகையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் மாணவர், நாட்டு நடப்பு குறித்துப் பொதுவாகக் கருத்துச் சொல்லும் மாணவரைவிட விரைவில் தொழிலைக் கற்றுக்கொள்கிறார். சொந்த எழுத்து என்றாலே சொந்தக் கருத்து என்று பலரும் எண்ணிக்கொள்வதுதான் இத்தகைய முயற்சிகளைச் சலிப்பூட்டுவனவாக ஆக்குகிறது.

ஆனால் சொந்த இதழில் மேலே ஓர் இதழாசிரியர் இல்லை என்பது விடுதலை மட்டுமன்று. நாளிதழில் நிருபர் எழுதியதைத் துணையாசிரியர் ஒருவர் சரிபார்க்கிறார், தேவைப்பட்டால் வழக்கறிஞரும் பார்க்கிறார், வழக்கு வந்தால் நிறுவனம் உடன் நிற்கிறது. தனியாக வெளியிடுபவருக்கு இம்மூன்றும் இல்லை. ஒருவரது நற்பெயருக்குக் கேடு விளைவிக்கும்படி எழுதுவதாகிய அவதூறு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி, இரண்டு ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ, அல்லது சமூக சேவையோ விதிக்கத்தக்க குற்றமாகும். எழுதியது உண்மை என்று மெய்ப்பித்தாலே தப்பித்துவிடலாம் என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. அப்பிரிவின் முதல் விதிவிலக்கோ, சொல்லப்பட்டது உண்மையாக இருப்பதோடு, அதை வெளியிட்டது பொதுநலனுக்காகவும் இருக்க வேண்டும் என்கிறது. பொதுநலன் இருந்ததா என்பதை வழக்கின் உண்மைகளை வைத்து நீதிமன்றமே முடிவு செய்யும். ஆகவே குற்றச்சாட்டு எதையும் வெளியிடும் முன் சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்டுப் பதிவு செய்வதும், ஆவணத்தின் நகலைப் பத்திரப்படுத்துவதும், எழுதியதை உடன்பயிலும் ஒருவரிடமாவது கொடுத்துக் குறை சொல்லச் சொல்வதும் தனியாக எழுதும் மாணவருக்கு மரியாதைக்குரிய பழக்கங்கள் என்பதோடு தற்காப்பும் ஆகின்றன.