ஒரு யூனிட் மணலுக்கு எத்தனை கணக்கு?

சிறுசேரியில் வீடு கட்டுகிறவர்களிடம் மணல் விலையைக் கேட்டுப் பாருங்கள், மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். எம்-சாண்ட் யூனிட் என்ன விலை, பூச்சுக்கு வாங்கும் பி-சாண்ட் என்ன விலை, முக்கால் இஞ்ச் ஜல்லி போன மாதத்தைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது, வண்டி வாடகை சேர்த்தா தனியா என்பதெல்லாம் அத்துபடி. அந்த விலையில் அரசுக் கஜானாவுக்குப் போனது எத்தனை ரூபாய் என்று அடுத்த கேள்வியைப் போட்டால் பேச்சு நின்றுவிடும். வாங்கியவருக்குத் தெரியாது, சப்ளையருக்கும் தெரியாது. டிப்பர் ஓட்டுநர் வேண்டுமானால் நடைச்சீட்டை எடுத்துக் காட்டுவார். அது உண்மையான சீட்டுதானா, அதே சீட்டில் இது எத்தனையாவது நடை என்பது அவருக்கும் மேலே இருப்பவர்களின் விவகாரம்.

சென்னை மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை பழைய மாமல்லபுரம் சாலையை ஆறுவழிச் சாலையாகப் போட்டு முடித்தது 2008-ல். அதற்கு முன்பே சிப்காட் வளாகம் வந்துவிட்டது. பிறகு நாவலூர், படூர், தாழம்பூர், கேளம்பாக்கம் என்று அடுக்குமாடிகள் முளைத்தன. இப்போது மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரவிருக்கும் மெட்ரோவுக்குத் தூண்கள் நிற்கின்றன. கொத்தனார்கள் மனக்கணக்காகச் சொல்வதை எடுத்துக்கொண்டால், சதுர அடிக்கு ஒன்றே முக்கால் கன அடி மணல் வேண்டும். நூறு கன அடி ஒரு யூனிட் என்பதால், ஆயிரம் சதுர அடி வீட்டுக்குப் பதினேழு, பதினெட்டு யூனிட். ஜல்லி தனி. பழைய மாமல்லபுரம் சாலை நெடுக நிற்கும் கான்கிரீட்டை இந்த வாய்ப்பாட்டில் பெருக்கிப் பார்த்தால், ஓர் ஆற்றின் படுகையும் சில குன்றுகளும் இடம்பெயர்ந்து இங்கே வந்து நிற்கின்றன என்பது விளங்கும்.

இயற்கை வள வருவாயில் வெளிப்படைத்தன்மை என்று பேச்செடுத்தாலே நைஜீரிய எண்ணெய், காங்கோ தாமிரம் என்று ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிடுவது நம் வழக்கம். அங்கே தொடங்கிய விவகாரம்தான், மறுக்கவில்லை. அங்கோலாவில் எண்ணெய்ப் பணம் எங்கே போகிறது என்று 1999-ல் குளோபல் விட்னஸ் அமைப்பு ஓர் அறிக்கை போட்டது. 2002-ல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டையொட்டி, ‘இ.ஐ.டி.ஐ.’ என்று இன்று அழைக்கப்படும் ஏற்பாட்டை பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர் அறிவித்தார். ஏற்பாடு எளிமையானது. சுரங்க நிறுவனம் அரசுக்கு எவ்வளவு கட்டினேன் என்று எழுதித் தரவேண்டும். அரசு எவ்வளவு வாங்கினேன் என்று எழுதித் தரவேண்டும். இரண்டையும் மூன்றாவது ஆள் ஒருவர் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எங்கே உதைக்கிறது என்று ஊரறியச் சொல்லவேண்டும். நைஜீரியாவும் நார்வேயும் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. இந்தியா இல்லை.

இருந்திருந்தாலும் ஆற்று மணலுக்கு அது போதியிருக்காது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் ஆற்று மணலை எடுப்பதும் விற்பதும் 2003 அக்டோபர் முதல் அரசின் பொறுப்பு. தனியாருக்குக் குத்தகை விட்டதால் ஆறுகள் நாசமாகின்றன என்று சொல்லித்தான் அந்த மாற்றம் வந்தது. ஆனால் அள்ளி லாரியில் ஏற்றும் வேலை ஒப்பந்தக்காரர்களிடம் போனது. ஆக, விற்பவர் அரசு, அள்ளுபவர் தனியார். எத்தனை லோடு ஏறியது என்பதற்கு இரண்டு தரப்பும் நம்பியிருப்பது ஒரே ரசீதுப் புத்தகத்தை. இரண்டு கணக்கும் ஒரே புத்தகத்திலிருந்து எழுதப்பட்டால் அவை எப்போதும் பொருந்தத்தானே செய்யும்?

அந்தப் புத்தகத்துக்கு வெளியே போய் ஒருவர் அளந்தபோது என்ன ஆனது என்பதை 2023-ல் பார்த்தோம். அமலாக்கத் துறை செப்டம்பரில் மணல் ஒப்பந்தக்காரர்களிடம் சோதனை நடத்தியது. கான்பூர் ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்து 28 மணல் குவாரிகளை அளக்கச் செய்தது. ரசீது, லாரி, நடை எதையும் எண்ணாமல், ஆற்றில் எவ்வளவு பள்ளம் விழுந்திருக்கிறது என்று பார்த்தார்கள். அமலாக்கத் துறை சொன்ன கணக்குப்படி எடுக்கப்பட்ட மணலின் மதிப்பு 4,730 கோடி ரூபாய். அரசுக்கு வந்ததாகப் பதிவானது 36.45 கோடி. நூறு ரூபாய் மணலுக்கு 77 பைசா.

4,730 கோடி என்பது மதிப்பீடு, அதுவும் ஒரு தரப்பின் மதிப்பீடு. அது முழுவதும் கஜானாவுக்கு வரவேண்டிய தொகையாகவும் ஆகாது. கூலி, டீசல், லாரி வாடகை, இடைத்தரகு என்று கழிக்கவேண்டியது நிறைய இருக்கிறது. பாதியைக் கழியுங்கள், முக்கால்வாசியைக் கூடக் கழியுங்கள். 36 கோடிக்கு அருகில் வர முடிகிறதா?

அதன் பிறகு விவகாரம் மணலை விட்டு அதிகார எல்லைக்குப் போய்விட்டது. வேலூர், திருச்சி, கரூர், தஞ்சாவூர், அரியலூர் மாவட்ட ஆட்சியர்களுக்கு அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியது. மாநில அரசு எதிர்த்தது. உச்ச நீதிமன்றம் ஆஜராகச் சொன்னது, 2024 ஏப்ரலில் ஆஜரானார்கள். அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இதில் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்கு வேலை இல்லை என்று சொல்லி ஒப்பந்தக்காரர்கள் மீதான நடவடிக்கைகளை ரத்து செய்தது. சட்டப்படி அது சரியான தீர்ப்பாகவே இருக்கலாம். ஆனால் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நடந்த இந்த மல்லுக்கட்டில் பள்ளத்தின் அளவைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போனது. எண் தவறு என்றால் சரியான எண் எது என்று அரசு தானே அளந்து வெளியிட்டிருக்கலாம்.

இந்த நோய் மணலுக்கு மட்டும் வந்ததில்லை. மதுரை கிரானைட் விவகாரத்தில் 2012-ல் மாவட்ட ஆட்சியராக இருந்த சகாயம் எழுதிய கடிதத்தில் இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல். உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்கச் சொல்லி, 2015-ல் அவர் கொடுத்த அறிக்கையில் அது ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. தென்மாவட்டக் கடற்கரைத் தாது மணலில் 5,832 கோடி ரூபாயை வசூலிக்க வேண்டும் என்றும், சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்றும் 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே மணல் அள்ளத் தடை விதித்தது 2013-ல் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஒவ்வொரு முறையும் எடுத்து முடித்த பிறகுதான் அளக்கிறோம், அதையும் பெரும்பாலும் நீதிமன்றம் சொல்லித்தான் செய்கிறோம்.

ஒரு வேடிக்கை. 2017-ல் மலேசியாவிலிருந்து ஒரு கப்பல் மணல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்தது. சுமார் 55,000 டன். அதை வெளியே எடுத்துப் போகலாமா கூடாதா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. யார் அனுப்பினார், யார் வாங்கினார், எத்தனை டன், என்ன வரி என்று அந்த மணலுக்கு எல்லாமே காகிதத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் முழு ஜாதகத்தோடு கிடைத்த மணல் அந்த ஒன்றுதான் போலிருக்கிறது, அதுவும் வெளிநாட்டு மணல்.

ஆற்று மணல் அருகிப்போய் இன்று சிறுசேரிக்கு வருவதில் பெரும்பகுதி எம்-சாண்ட், அதாவது நொறுக்கிய கல். எனவே கணக்கு ஆற்றிலிருந்து மலைக்கு மாறியிருக்கிறது. தாம்பரம் வட்டாரத்துக்கு இது புதிதில்லை. பல்லாவரம், திரிசூலம், பம்மல், திருநீர்மலை எல்லாம் கல் உடைத்த ஊர்கள். இங்குள்ள கருங்கல் வகைக்கு நிலவியலில் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல் போயிருந்ததால் வந்த பெயர் அது. உடைத்து முடித்த இடங்களில் இப்போது ஆழமான கல்குட்டைகள் கிடக்கின்றன. கோடையில் குளிக்கப் போகும் பிள்ளைகளை அவை காவு வாங்குவது ஆண்டுதோறும் செய்தியாகிறது.

அந்தக் குட்டைகளுக்கு இன்னொரு உபயோகம் 2017 வறட்சியில் கண்டுபிடிக்கப்பட்டது. மாங்காடு அருகே சிக்கராயபுரம் குவாரிகளில் தேங்கிய நீரை இறைத்துச் சுத்திகரித்து சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். 2019-ல் மறுபடியும் அதே கதை. எந்தக் குட்டையில் எத்தனை மில்லியன் லிட்டர் என்று குடிநீர் வாரியம் கணக்கெடுத்தது. பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்க ஆயிரம் கன மீட்டர் இடம் வேண்டும். மேல்மண் கொஞ்சத்தை விட்டுவிட்டால், அந்த ஆயிரம் கன மீட்டரில் முன்பு இருந்தது கல். எடை ஏறத்தாழ 2,700 டன். ஆக, தாகம் எடுத்தபோது நாம் அளந்தது தண்ணீரை மட்டுமா? அங்கிருந்து போன கல்லையும் சேர்த்தே அளந்துவிட்டோம். அந்த எண்ணைச் சுரங்கத் துறையின் பழைய பேரேட்டோடு ஒப்பிட யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கல்லுக்கு அரசு வாங்கும் உரிமைத் தொகையைக் குவாரிக்காரர்கள் ‘சீனியரேஜ்’ என்பார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, இது போக, கனிமம் உள்ள நிலத்துக்கு மாநிலங்கள் வரியும் போடலாம் என்று சொன்னது. தமிழ்நாடு உடனே சட்டம் இயற்றி 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பேச்சுவார்த்தையில் சீனியரேஜ் டன்னுக்கு 33 ரூபாய் என்று முடிவானது. மேலே சொன்ன ஆயிரம் கன மீட்டர் குழிக்கு இந்த விகிதத்தில் 89,100 ரூபாய். அதில் உடைத்த ஜல்லி என்ன விலைக்குப் போகும் என்பதைச் சிறுசேரி மேஸ்திரிகளிடம் கேளுங்கள். தொகை குறைவா அதிகமா என்ற சண்டையில் இரு தரப்பும் தொண்டை வறளப் பேசின. எத்தனை டன்னுக்கு அந்த 33 ரூபாய் வாங்கப்படுகிறது என்பதைப் பற்றி இரு தரப்புக்கும் அவ்வளவு அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. விகிதத்தை இரட்டிப்பாக்குவதைவிட எண்ணிக்கையைச் சரியாக்கினால் கஜானாவுக்கு லாபம் என்பதுதான் மணல் குவாரிகளின் அனுபவம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஜல்லி லாரிகள் அதிகம் கிளம்பும் வட்டாரங்களில் ஒன்று உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டு இருக்கும் அதே ஊர். முதல் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுப்படி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்று அந்தப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் வசிப்பவர், தன் ஊர்க் குவாரியிலிருந்து போன ஆண்டு எத்தனை டன் போனது என்று அறிய வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் காத்திருக்கவேண்டும். சிறுகனிம வருவாயில் ஊராட்சிகளுக்கும் பங்கு உண்டு. பங்கு எதிலிருந்து கணக்கிடப்பட்டது என்று தெரியாமலேயே பங்கு வாங்கும் கூட்டாளி, இந்த உலகத்தில் ஊராட்சி மன்றம் ஒன்றுதான்.

செய்வதற்கு அரிய வித்தை எதுவும் தேவையில்லை. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னோ அதற்கு மேலோ எடுக்கும், அல்லது 50 ஹெக்டேரோ அதற்கு மேலோ பரப்புள்ள பெரிய சுரங்கங்கள் ஆண்டுதோறும் ட்ரோன் படம் எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று மத்திய அரசு 2021-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. குத்தகை எல்லைக்கு வெளியே நூறு மீட்டர் வரை படத்தில் வரவேண்டும். சிறுகனிமக் குவாரிகளுக்கு அந்த விதி இல்லை. நம் ஊர்க் குவாரிகள் பெரும்பாலும் சில ஹெக்டேர்கள்தான், அளப்பது இன்னும் சுலபம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, மனு வராமலேயே தகவல்களை வெளியிடச் சொல்கிறது. நடைச்சீட்டும் இணையத்துக்குப் போய்விட்டது. எனவே ஒவ்வொரு குவாரிக்கும் மூன்று எண்களை இணையத்தில் போடலாம். நடைச்சீட்டின்படி எத்தனை டன், அதற்கு எவ்வளவு வசூல், குழியை அளந்தால் எத்தனை டன். மூன்றாவது எண்தான் முக்கியம். முதல் இரண்டையும் ஒரே கை எழுதலாம். குழியை யாரும் திருத்தி எழுத முடியாது.

சிறுசேரி மாதிரி வாங்கும் இடங்களிலிருந்து நான்காவது எண்ணும் கிடைக்கும். கட்டட அனுமதிகள் இப்போது பெரும்பாலும் இணையவழி. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறை வந்திருக்கிறது. ஒரு மாவட்டத்தில் ஓராண்டில் எத்தனை லட்சம் சதுர அடிக்கு அனுமதி கொடுத்தோம் என்பது அரசிடமே இருக்கிறது. அதை அந்தக் கொத்தனார் வாய்ப்பாட்டால் பெருக்கி, அந்த மாவட்டத்துக்குள் வந்த நடைச்சீட்டுகளின் கூட்டுத்தொகையோடு வைத்துப் பார்க்கலாம். துல்லியமாகப் பொருந்தாது. ஆனால் பத்துக்கு எட்டு பொருந்துவதும் பத்துக்கு ஒன்று பொருந்துவதும் ஒன்றாகிவிடாது.

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. மதுராந்தகம் பக்கமோ உத்திரமேரூர் பக்கமோ ஒரே ஓர் ஊராட்சி, தன் எல்லையில் உள்ள ஒரே ஒரு குவாரிக்கு முதல் மூன்று எண்களையும் கேட்டுத் தீர்மானம் போட்டால், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஏதாவது ஒரு பதில் எழுதியாக வேண்டும்.