சிவப்பு விளக்கும் எஃப்.சி.யும்

உப்பளத்தில் கடை வைத்திருக்கும் நமக்குக் கடற்காற்றைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஷட்டர் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் போடுகிறோம். சர்க்கரை மூட்டையைப் பலகை மேல் அடுக்குகிறோம். அதே காற்று வாசலில் நிற்கும் ‘குட்டி யானை’யின் வயர் இணைப்புகளையும் அரிக்கிறது. அதை மட்டும் எஃப்.சி. எடுக்கும் நாள் வரை நாம் கவனிப்பதில்லை.

சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று கட்டாயம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆவது பிரிவுப்படி, சான்று இல்லாத சரக்கு வண்டி முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது. 2018 நவம்பரில் திருத்தப்பட்ட விதிப்படி, எட்டு ஆண்டு வரையான வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்ட வண்டிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நம் உறவினர் பலர் வாழும் பிரான்சிலும் 1992 முதல் கார்களுக்கு இத்தகைய பரிசோதனை கட்டாயமாக உள்ளது.

ஆனால் சான்று, பரிசோதித்த அன்றைய நிலையைத்தான் சொல்லும். மற்ற நாட்களில் நமக்குத் தகவல் சொல்பவை டேஷ்போர்டு விளக்குகளே.

இதை நாம் பணம் கொடுத்துக் கற்றோம். ஒருமுறை நம் கடை வண்டியில் ஆயில் விளக்கு எரிந்தது. “அடுத்த மாதம் எஃப்.சி. வேலையோடு பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுவிட்டோம். இரண்டாம் நாள் அரிசி மூட்டைகளோடு நடுவழியில் என்ஜின் ஜாம் ஆகிவிட்டது. சில லிட்டர் ஆயிலில் முடிந்திருக்க வேண்டியது, என்ஜினையே பிரித்து வேலை பார்ப்பதில் முடிந்தது.

ஆகவே, வண்டி ஓட்டும் பையனுக்கும் இவற்றைச் சொல்லி வைப்போம்:

சிவப்பில் எண்ணெய்க் குவளைப் படம் எரிந்தால், ஓரமாக நிறுத்தி உடனே என்ஜினை அணைக்க வேண்டும். பிரேக் விளக்கு எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பார்க்கவும். அதை இறக்கியும் அணையாவிட்டால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், வண்டியை எடுக்கக் கூடாது. பேட்டரி விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை. பெல்ட்டையும் டைனமோவையும் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கென்றால் தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று. சாவியைத் திருப்பியதும் ஆயில், பேட்டரி விளக்குகள் எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் வண்டி நன்றாக இருக்கிறதென்று மகிழ வேண்டாம். பல்பு போயிருக்கலாம், வயர் அரித்திருக்கலாம். பழுது வந்தாலும் அந்த விளக்கு நமக்குச் சொல்லாது.

கல்லாவை எண்ணாமல் நாம் கடை சாத்துவதில்லை. விளக்கைப் பாராமல் வண்டியையும் எடுக்க வேண்டாம்.