கடலுக்கு மருந்தாகுமா கற்றூள்?

பாறைகளை அரைத்துத் தூளாக்கிக் கடலில் இட்டால் வளிமண்டலத்திலுள்ள காபனீரொட்சைட்டைக் குறைக்கலாம் என்ற யோசனை, முதன்முறையாகக் கேட்பவர்களுக்குக் கற்பனைக் கதை போலத் தோன்றக்கூடும். ஆனால், அந்த யோசனை ஆய்வுகூடங்களைக் கடந்து இன்று கடற்கரைகளுக்கே வந்து சேர்ந்துவிட்டது. 2024 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள டக் என்ற கரையோர நகருக்கு அப்பால், வெஸ்டா என்ற நிறுவனம் 8,000 தொன்னுக்கும் அதிகமான ஒலிவின் மணலைக் கடலடியில் பரப்பியது. கடலை நம்பி வாழும் பெருந்தொகையான மக்களைக் கொண்ட நாட்டவர் என்ற வகையில், இம்முயற்சியின் நன்மை தீமைகளை அறிந்து வைத்திருப்பது எமக்கும் அவசியமாகின்றது.

1958 இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா அவதான நிலையத்தில் சார்ள்ஸ் டேவிட் கீலிங் என்ற விஞ்ஞானி அளவிடத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் மூலக்கூறுகளில் சுமார் 315 மூலக்கூறுகளே காபனீரொட்சைட்டாக இருந்தன. இன்று அது 420 ஐத் தாண்டிவிட்டது. மனிதர் வெளியேற்றும் இவ்வாயுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைச் சமுத்திரங்களே உறிஞ்சிக் கொள்கின்றன. இந்த உபகாரத்துக்குக் கடல் கொடுத்துள்ள விலை சிறியதல்ல. கைத்தொழில் புரட்சிக்கு முன்னர் 8.2 அளவில் இருந்த மேற்பரப்பு நீரின் பீ.எச். பெறுமானம் இன்று 8.1 அளவுக்கு இறங்கியுள்ளது. எண்ணளவில் அற்பமாகத் தெரியும் இம்மாற்றம், அமிலத்தன்மை முப்பது சதவீதமளவில் கூடியிருப்பதையே குறிக்கின்றது. சிப்பிகளும் முருகைக்கற்பாறைகளும் தமது சுண்ணாம்புக் கூடுகளைக் கட்டியெழுப்புவது இதனால் கடினமாகின்றது. 1998 இலும் 2016 இலும் கடல் வெப்பத்தினால் வெளிறிப் பாதிப்புற்ற எமது முருகைக்கற்பாறைகளுக்கு இது மேலுமொரு சுமையாகும்.

உண்மையில், பாறையைக் கொண்டு காபனை அடக்கும் வித்தையை இயற்கை நெடுங்காலமாகவே செய்து வருகின்றது. மழைநீரில் கரையும் காபனீரொட்சைட்டு மென்மையான அமிலமாக மாறிப் பாறைகளைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. அப்போது உருவாகும் இருகாபனேற்று ஆறுகள் வழியே கடலைச் சென்றடைந்து, பல்லாயிரம் ஆண்டுகள் அங்கேயே தங்கி விடுகின்றது. இவ்வாறு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 100 கோடி தொன் காபனீரொட்சைட்டு காற்றிலிருந்து நீங்குகின்றது. ஆனால், சுவட்டு எரிபொருட்களை எரிப்பதன் மூலம் மனிதர் வெளியேற்றுவதோ ஆண்டொன்றுக்கு சுமார் 3,700 கோடி தொன் ஆகும். இயற்கையின் வேகம் மனிதனின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாத நிலையில், அந்த வேகத்தை நாமே கூட்டினால் என்ன என்ற கேள்வியிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது.

1995 இல் ஹாரூன் கெஷ்கி என்ற ஆய்வாளர் சுண்ணாம்பைக் கடலில் சேர்ப்பது பற்றி எழுதினார். பின்னர் நெதர்லாந்தின் உட்ரெக்ற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புவி இரசாயனவியலாளர் ஓலாஃப் ஸ்கைலிங், ஒலிவின் என்ற பச்சை நிறக் கனியத்தை முன்மொழிந்தார். மக்னீசியமும் இரும்பும் கலந்த இந்தச் சிலிக்கேற்றுக் கனியம் பூமியின் ஆழத்தில் மிகுதியாக உள்ளது. நோர்வே போன்ற நாடுகளில் அது அகழ்ந்தெடுக்கப்படுகின்றது. இரசாயனக் கணக்கின்படி ஒரு தொன் தூய மக்னீசிய ஒலிவின் முற்றாகக் கரைந்தால் ஒன்றேகால் தொன் காபனீரொட்சைட்டை இருகாபனேற்றாக மாற்றும். அதேவேளை, கடல்நீரின் அமிலத்தன்மையும் தணியும். ஒரே மருந்தில் இரு நோய்கள் நீங்குமென்றால் எவர்தான் மறுக்கப் போகின்றார்கள்?

எனினும், காகிதத்தில் எழுதிய கணக்கு கடலில் அப்படியே நிறைவேறுவதில்லை. முதலாவது தடை அளவு பற்றியது. உலகம் இன்று வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் பத்தில் ஒரு பங்கை ஈடுசெய்வதற்கே ஆண்டுதோறும் சுமார் 300 கோடி தொன் ஒலிவின் தேவைப்படும். உலகெங்கும் ஓராண்டில் அகழப்படும் நிலக்கரியோ ஏறத்தாழ 900 கோடி தொன் ஆகும். அதாவது, நிலக்கரித் தொழிலின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பருமனுடைய புதிய சுரங்கத் தொழிலொன்று உருவாக்கப்பட வேண்டும். அதற்குரிய மலைகள் உடைக்கப்படுவதும் தூசு கிளம்புவதும் எந்த மக்களின் வாசலில் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

இரண்டாவது தடை காலம் பற்றியது. மணற்பருமனான ஒலிவின் துகள் கடல்நீரில் கரைய பல தசாப்தங்களோ நூற்றாண்டுகளோ செல்லலாம். அலைகள் துகள்களை ஒன்றோடொன்று உரசச் செய்து கரைவைத் துரிதப்படுத்தும் என்று ஸ்கைலிங் வாதிட்டார். திறந்த சமுத்திரத்தில் தூவுவதாயின், ஆழத்தில் அமிழ்ந்து போவதற்கு முன் கரைவதற்கு ஒரு மைக்குரோமீற்றர் அளவுக்கு அதனை நுண்ணியதாக அரைக்க வேண்டும். அவ்வாறு அரைக்கச் செலவாகும் சக்தி, கிடைக்கக்கூடிய பயனில் சுமார் முப்பது சதவீதத்தை விழுங்கிவிடும் என 2013 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

மூன்றாவது, நஞ்சு பற்றிய அச்சம். ஒலிவினுடன் நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் சேர்ந்தே வருகின்றன. இதன் பொருளை உணர நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. ஹம்பாந்தோட்டை மாவட்டத்தின் உஸ்ஸங்கொடையில், ஒலிவின் போன்ற கனியங்கள் உருமாறித் தோன்றிய சேர்ப்பென்ரைன் பாறையின் மீது நிக்கல் மிகுந்த செம்மண் பரவியுள்ளது. அங்கே தாவரங்கள் குறுகித் தரையோடு படர்ந்தே வளர்வதைக் காணலாம். கடலில் இவ்வுலோகங்கள் எந்த அளவில் தீங்கு பயக்கும் என்பது இடப்படும் அளவையும் நீரோட்டத்தையும் பொறுத்தது. ஆயினும், மீன்களும் சிப்பிகளும் மனிதரின் உணவாக இருக்கும்வரை அது அலட்சியம் செய்யத்தக்க விடயமல்ல.

அகற்றிய காபனை அளவிடுவது இன்னொரு சிக்கலாகும். தொழிற்சாலைப் புகைபோக்கியில் கருவியைப் பொருத்துவது போன்று கடலில் பொருத்த முடியாது. கரைந்த பொருளை நீரோட்டம் எங்கெங்கோ கொண்டு செல்கின்றது. சில நிலைமைகளில் சுண்ணாம்புப் படிவு உருவாகி, பிடித்த வாயுவில் ஒரு பகுதி மீண்டும் வெளியேறவும் கூடும். இத்தகைய நிச்சயமின்மைக்கு மத்தியில், அகற்றப்படும் ஒவ்வொரு தொன்னுக்கும் சான்றிதழ் வழங்கி விற்கும் வணிகம் வளர்ந்து வருகின்றது. அந்தச் சான்றிதழை வாங்கும் நிறுவனம் தனது புகையைத் தொடர்ந்தும் வெளியேற்றுமாயின், கணக்கு மாத்திரமே சுத்தமாகும், காற்று சுத்தமாகாது.

இவை யாவற்றுக்கும் மேலாக, கடல் யாருடையது என்ற கேள்வி எழுகின்றது. 2023 இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியிலுள்ள செயின்ற் ஐவ்ஸ் குடாவில் மக்னீசியம் ஐதரொட்சைட்டை இடும் திட்டத்துக்கு எதிராக மக்கள் ஆர்ப்பாட்டம் செய்தனர். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் சமுத்திரவியல் நிறுவனம் மேய்ன் வளைகுடாவில் சுமார் 65,000 லீற்றர் சோடியம் ஐதரொட்சைட்டை விடுவித்துப் பரிசோதனை நடத்தியது; அதற்கு முன்னர் சுற்றாடல் அதிகார சபையின் அனுமதியைப் பெற வேண்டியிருந்தது. அத்தகைய சட்டமும் மேற்பார்வையும் எல்லா நாடுகளிலும் இல்லை. கடலில் செய்யப்படும் இத்தகைய புவிப் பொறியியல் முயற்சிகளை ஒழுங்குபடுத்துவதற்காக லண்டன் நெறிமுறையில் 2013 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட திருத்தம் இன்னமும் நடைமுறைக்கு வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

கடலுக்குள் சென்றதை மீண்டும் அள்ளியெடுப்பது எவ்வளவு கடினமென்பதை, 2021 இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்ரிக் மணிகள் எமது கடற்றொழிலாளருக்கு உணர்த்தியுள்ளன. விபத்தும் பரிசோதனையும் ஒன்றல்லதான். ஆனால், இரண்டிலும் விளைவை முதலில் அனுபவிப்பவர்கள் கரையோர மக்களே.

காபன் வெளியேற்றத்தை நிகர பூச்சியத்துக்குக் கொண்டுவர, வளிமண்டலத்திலிருந்து காபனீரொட்சைட்டை அகற்றுவதும் தவிர்க்க முடியாதது என காலநிலை மாற்றம் தொடர்பான அரசாங்கங்களுக்கிடையிலான குழு 2022 இல் கூறியுள்ளது. ஆகவே, இத்துறை ஆய்வுகளை முற்றாக எதிர்ப்பது அறிவுடைமையாகாது. ஆனால், அவை சிறிய அளவில், வெளிப்படையாக, பெறுபேறுகளைப் பொதுமக்களுக்கு அறிவித்து, கடற்றொழிலாளரின் சம்மதத்துடன் நடைபெற வேண்டும். ஏழை நாடுகளின் கரைகள் செல்வந்த நாடுகளின் பரிசோதனைக் களங்களாகிவிடலாகாது. அத்தகைய கோரிக்கையொன்று நாளை எமது வாசலுக்கு வருமாயின், அதனைப் பரிசீலிக்கும் ஆற்றலை நாரா நிறுவனமும் எமது பல்கலைக்கழகங்களும் இன்றே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

புகையைக் குறைக்காமல் கல்லை அரைப்பது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதற்கு ஒப்பானது. முதலில் ஓட்டையை அடைப்போம். அதன் பின்னர் எஞ்சியதைச் சீர்செய்யக் கற்றூள் கைகொடுக்குமானால், அதனை நன்றியுடன் ஏற்றுக்கொள்ளலாம்.