துப்பாக்கி யாரிடம் இருக்கிறது?

அமெரிக்காவில் குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், அது யாருடையது என்று கணினியில் உடனே பார்த்துவிட முடியாது. துப்பாக்கி வைத்திருப்போருக்கு மத்திய அரசு புதிதாகப் பதிவேடு உருவாக்குவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள அலுவலகம் முதலில் தயாரிப்பாளரைக் கேட்கும். பிறகு விற்ற கடைக்காரரைக் கேட்கும். அவர் பழைய படிவங்களைப் புரட்டுவார். கடையை மூடியிருந்தால் படிவங்கள் எல்லாம் அந்த அலுவலகத்துக்கே வந்து குவியும். அவற்றிலும் பெயரை வைத்துத் தேட வழியில்லை! பட்டியல் இருந்தால் நாளை அரசு பறிமுதல் செய்ய வரும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை அதிகம்.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, மாநிலப் போலீஸ் தலைவரிடம்தான் உரிமம் கேட்க வேண்டும். பினாங்கு சாலையில் நாம் பஸ்ஸில் கடந்து போகிறோமே, அந்தத் தலைமையகம்தான் நம் மாநிலத்துக்கு. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 14 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் கிடைக்கும். ஆக, பதிவில் பெயர் இல்லாததே இங்கு குற்றம்.

கடத்தல் துப்பாக்கி எந்தப் பதிவிலும் இருக்காதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனிடம் முறையான உரிமம் இருந்தது. அவன் கையில் எத்தனை துப்பாக்கிகள் என்ற கணக்குத்தான் அரசிடம் இல்லை. ஒவ்வொரு துப்பாக்கியையும் பதியும் வேலையை அந்நாடு 2023 ஜூன் மாதத்தில்தான் தொடங்கியது.